“அழாதே, பிள்ளைக்கு ஆகாது” என்கிறார்கள். நான் எங்கே போய் அழுவது?

மதுரைப் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றிலிருந்து 28 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஏழு மாதக் கர்ப்பிணி, தலைப்பிரசவம். 2021 ஜூலை இரண்டாம் வாரத்தில், கணக்குப் புத்தகத் தாளில் இரு பக்கமும் எழுதிய பன்னிரண்டு பக்கக் கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

திருமணமாகி இரண்டு வருடம். கணவர், மாமனார், மாமியாரோடு இருக்கிறார். கணவர் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. தினமும் ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்கும் வேலை. வாசகி ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறார். சித்திரைத் திருவிழா சமயத்தில், ஏப்ரல் 24-ஆம் தேதி, அம்மா பஸ் ஏறி வந்து, மகள் வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று ஒரு ஜாடி மாவடுவைக் கொடுத்துவிட்டு மாலையே ஊர் திரும்பினார். பன்னிரண்டு நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் கண்டது. மே 15-ஆம் தேதி இறந்துவிட்டார்.

வாசகி அப்போது ஐந்து மாதம். கொரோனா என்பதால் கூட்டிப்போகவில்லை. கொரோனா இல்லாவிட்டாலும் ‘வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக்கூடாது’ என்று நிறுத்தியிருப்பார்கள். தம்பி வாட்ஸப்பில் காட்டினான். வெள்ளை உடுப்பு போட்ட நான்கு பேர் ஒரு பையை இறக்கினார்கள், அதற்குள் சிக்னல் போய்விட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கும் அனுப்பவில்லை. வருஷம் திரும்பவில்லை என்பதால் வளைகாப்பும் இல்லை.

இப்போது தூக்கம் இல்லை. ராத்திரியில் பத்துப் பதினைந்து தடவை ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கிறார். பால் பாக்கெட்டைப் பாத்திரச் சோப்பு போட்டு மூன்று முறை கழுவுகிறார், கை வெடித்துவிட்டது. கணவரை ஹாலில் படுக்க வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி பயத்தில் இரண்டு மாதமாகச் செக்கப் போகவில்லை. மூன்று வருடமாகப் பதற்ற நோய்க்குச் சாப்பிட்டு வந்த செர்ட்ராலின் மாத்திரையை, கர்ப்பம் என்று தெரிந்ததும் பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்திவிட்டார். தூக்கம் வராத இரண்டு இரவுகளில் மாமனாரின் அல்பிரசோலம் மாத்திரையில் பாதியை எடுத்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அவருடைய கேள்விகள்: நான் அழுவது குழந்தையைப் பாதிக்குமா? மாத்திரை சாப்பிட்டால் குழந்தை ஊனமாகுமா? தடுப்பூசி போடலாமா? மூன்றாம் அலை வருவதற்குள் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா? மனநல டாக்டரிடம் போனால் நாளை பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா?

அன்புத் தங்கைக்கு,

உங்களைவிடப் பதினாறு வயது மூத்தவள் என்பதால் இப்படிக் கூப்பிடுகிறேன். மனநல மருத்துவர் என்ற முறையில் எழுதுகிறேன். ஆனால் கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது, நேரில் பார்க்காமல் மருந்தும் எழுத மாட்டேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் பத்தாம் பக்கத்தின் கடைசி வரி

அந்த வரியை வேறு ஏதோ சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள்: “சில ராத்திரி, காலையில கண் முழிக்காமலே போயிட்டா தேவலைன்னு இருக்கு.” அடுத்த வரியிலேயே பாத்திரச் சோப்புக்குப் போய்விட்டீர்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. கடிதத்தை மூடி வைத்துவிட்டுத் திரும்பவும் திறந்து பார்த்தது அந்த ஒரு வரிக்காகத்தான்.

இப்படித் தோன்றுவதால் நீங்கள் மோசமான தாயாகிவிடவில்லை. என் அறைக்கு வரும் கர்ப்பிணிகளில் பலர் இதையே வேறு வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். பெரும்பாலும் எழுந்து போகும்போது, கதவருகில் நின்று. ஆனால் இது தானாகப் போய்விடும் என்று விட்டுவிடக்கூடிய எண்ணமும் அல்ல. உங்களையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கண் விழிக்காமல் போனால் தேவலை என்பது, ‘நானே ஏதாவது செய்துகொள்ளலாம்’ என்று மாறியிருக்கிறதா? எப்படி என்று யோசித்தீர்களா? அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் கணவரை எழுப்புங்கள். தனியாக இருக்காதீர்கள். 108-ஐ அழைத்தோ ஆட்டோ பிடித்தோ பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே 24 மணி நேரமும் பார்ப்பார்கள். பேச மட்டும் ஒரு ஆள் வேண்டுமென்றால் தமிழக அரசின் 104 இருக்கிறது. தற்கொலைத் தடுப்புக்காகவே 1986 முதல் சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050.

மூன்றுக்கும் ‘இல்லை’ என்றாலும் ஒரு வேலை இருக்கிறது. மாமனாரின் மாத்திரை அட்டை இனிக் கணவர் கையில் இருக்கட்டும். உங்கள் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு யாருக்குமே புத்தி பகல்போல வேலை செய்யாது, அவ்வளவுதான்.

அழுதால் பிள்ளைக்கு ஆகாதா?

அழுகை பனிக்குடத்தைத் தாண்டிப் போய்ப் பிள்ளையைத் தொடாது. ஒரு நாள் அழுதாலும், ஒரு வாரம் அழுதாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆகும் என்று பயந்து அடக்கி வைப்பதுதான் உங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உண்மையின் இன்னொரு பாதியையும் மறைக்கக் கூடாது. மாதக்கணக்கில் நீடிக்கும், கவனிக்காமல் விட்ட கடுமையான மனச்சோர்வுக்கும், குறை மாதப் பிரசவத்துக்கும் குறைந்த எடைக் குழந்தைகளுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதில் ஒரு பங்கு நேரடியாகக் கண்ணுக்குத் தெரிவது: அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, இரும்புச்சத்து மாத்திரையை மறக்கிறாள், செக்கப்புக்குப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் இந்த நான்கும் இருக்கின்றன. அழுவதை நிறுத்துவதற்குப் பதில் இந்த நான்கையும் சரிசெய்யலாம்.

உங்கள் விஷயத்தில் துக்கத்துக்கு இரண்டு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒன்று நோய் போட்டது, இன்னொன்று சம்பிரதாயம் போட்டது. மே மாதம் நம் ஊரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவானது. அந்த வாரங்களில் எத்தனையோ வீடுகளில் முகம் பார்க்காமல், வாய்க்கரிசி போடாமல், கட்டிப்பிடித்து அழ ஆளில்லாமல் சாவு நடந்தது. ஒப்பாரி வைப்பது, மாரடிப்பது, பதினாறு நாளும் யாராவது வந்து அதே கதையைக் கேட்டுவிட்டுப் போவது எல்லாம் சும்மா ஏற்பட்ட வழக்கம் அல்ல. போனவர் போய்விட்டார் என்பதை மனசுக்கு மெல்ல மெல்லச் சொல்லிக் கொடுக்கிற ஏற்பாடு அது. உங்களுக்கு அதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஆடுகிற ஒரு வீடியோவும், “அழாதே” என்ற உத்தரவும்தான்.

உங்கள் மாமியாரைக் குறை சொல்லவில்லை. அவர் பயத்தில் சொல்கிறார். இந்த ஜூலையில் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பயப்படாதவர் யார்? ஆனாலும் அவர் சொல்வதில் இருக்கும் பிழையை நீங்கள் சுமக்க வேண்டாம். மாலையில் அரைமணி நேரம் மொட்டை மாடியோ, அறையோ, உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். தம்பியிடமோ சித்தியிடமோ போனில் அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். அவர் செத்துப்போனதை மட்டும் பேசாதீர்கள். மாவடுவுக்கு எவ்வளவு உப்புப் போடுவார் என்பதையும் பேசுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அழுது முடித்ததும் தண்ணீர் குடித்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

தூளி கட்டுவதற்கென்று அம்மா எடுத்து வைத்த பழைய சுங்குடிச் சேலை பீரோவில் இருப்பதாகவும், பீரோவைத் திறக்கவே கை வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். திறக்க வேண்டாம். உங்கள் துணிகளை மட்டும் கணவரை எடுத்து வெளியே வைக்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குச் செப்டம்பர் கடைசி வரை நாள் இருக்கிறது.

“என்னால்தான் அம்மாவுக்கு வந்தது”

கடிதத்தில் இதை ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணினேன். உங்களைப் பார்க்க பஸ் ஏறியதால்தான் வந்தது என்பது உங்கள் கணக்கு. கணக்குப் பார்க்கிறவர் என்பதால் கணக்காகவே கேட்கிறேன். இந்தக் கிருமி உடம்பில் புகுந்து, பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாறு நாளில் காய்ச்சல் காட்டும். அதிகபட்சம் பதினான்கு நாள் என்று வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது பன்னிரண்டாம் நாள். உங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. நடுவில் உள்ள அந்தப் பன்னிரண்டு நாளில் அம்மா ரேஷன் கடைக்குப் போனார், பக்கத்து வீட்டுத் துக்கத்துக்குப் போனார் என்று நீங்களே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். நாள் கணக்கை வைத்துப் பார்த்தால், உங்களைப் பார்க்க வந்த பயணத்தைவிட அதற்குப் பிந்திய நாட்களில் தொற்றியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் உறுதியே இல்லாத ஒன்றுக்கு நீங்கள் உறுதியாகத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சோப்பு, ஆக்ஸிமீட்டர், ஹாலில் படுக்கும் கணவர்

நீங்கள் காவல் காக்கும் வாசல் வேறு, கிருமி வரும் வாசல் வேறு. 2020-இல் எல்லோரும்தான் காய்கறியைக் கழுவினோம். நானும் மஞ்சள் தண்ணீரில் கத்தரிக்காயை ஊறப்போட்டவள்தான். இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது: இது முக்கியமாகக் காற்றில், மூச்சில் பரவுகிறது. தொட்ட பொருள் வழியாகத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. பால் பாக்கெட்டை மூன்று முறை சோப்பு போடுவதைவிட, படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைப்பது அதிகம் காப்பாற்றும். ‘கொசு வரும்’ என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கொசுவலை கட்டிக்கொண்டு திறந்து வையுங்கள்.

ஆனால் இதைத் தெரிந்துகொண்டதாலேயே கை நிற்காது. கழுவினால் இரண்டு நிமிடம் நிம்மதி. அந்த நிம்மதியே அடுத்த கழுவலுக்கு அழைக்கிறது. ஒரேயடியாக நிறுத்தப் பார்க்காதீர்கள். இந்த வாரம் மூன்று முறை சோப்பு என்பது இரண்டாகட்டும். அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்த வாரம் வெறும் தண்ணீர். குறைக்கிற முதல் இரண்டு நாள் நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பு ஏறும், ஏறி நிற்கும், பிறகு தானாக இறங்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். ஆக்ஸிமீட்டரும் அப்படியே: காய்ச்சலோ இருமலோ இல்லாதவருக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று போதும். 95-க்குக் கீழே காட்டினால் கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 98, 97 ஆவதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. ராத்திரி அந்தக் கருவி வேறு அறையில் இருக்கட்டும்.

கணவர் விஷயத்தில் உங்கள் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. அவர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். அவர் இரண்டு டோஸும் போட்டாகிவிட்டது என்கிறீர்கள். வெளியே நல்ல முகக்கவசம், வந்ததும் குளியல், அறிகுறி வந்தால் தனி அறை, திறந்த ஜன்னல். இதற்கு மேல் ஹாலில் படுக்க வைப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு கொஞ்சம். ராத்திரி மூன்று மணிக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் போவதால் வரும் ஆபத்து அதிகம். நான் எடை போட்டால் அவர் உள்ளே வந்து படுக்கட்டும் என்பேன்.

மாத்திரை

மருந்துக்கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தவறாகச் சொல்லிவிட்டார். எந்த மருந்தும் சாப்பிடாத தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஏதாவது பிறவிக் குறை இருக்கத்தான் செய்கிறது. செர்ட்ராலின் கர்ப்பத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்ட மனநல மருந்துகளில் ஒன்று. அந்தக் குறையை அது குறிப்பிடும்படி கூட்டுவதாகத் தெரியவில்லை. கடைசி மாதங்களில் சாப்பிட்டிருந்தால் சில குழந்தைகள் பிறந்த முதல் சில நாள் கொஞ்சம் நடுக்கமாக, சிணுங்கலாக இருக்கும். டாக்டர்கள் கவனித்துக்கொள்வார்கள், சரியாகிவிடும். தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே சேரும் என்பதால் பாலூட்டும்போதும் நாங்கள் முதலில் நினைப்பது இந்த மருந்தைத்தான்.

எல்லா மனநல மருந்துக்கும் இதே சொல் பொருந்தாது. வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்கு நிஜமாகவே கெடுதல். அதனால்தான் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை டாக்டர் பார்க்க வேண்டும். பழைய அட்டையை எடுத்து நீங்களே மறுபடி தொடங்காதீர்கள். ஐந்து மாதம் நிறுத்திய மருந்தைப் பழைய அளவிலேயே தொடங்கவும் மாட்டோம். மருந்தே இல்லாமல் பேச்சு வழிச் சிகிச்சை மட்டும் போதும் என்றும் டாக்டர் சொல்லலாம். ஆனால் கடிதத்தைப் படித்தவரை, ஒரே நாளில் நிறுத்தியதால் பழைய பதற்றம் திரும்பி வந்திருக்கிறது, அதன் மேல் துக்கம் ஏறியிருக்கிறது, இரண்டுக்கும் அடியில் மனச்சோர்வு சேர்ந்துகொண்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மாமனாரின் மாத்திரை வேண்டாம். அது வேறு வகை. பழக்கமாகும், பிரசவ நேரத்தில் குழந்தையின் மூச்சையும் மந்தமாக்கும். இரண்டு அரை மாத்திரையால் ஒன்றும் ஆகியிருக்காது, அதை நினைத்து இன்னொரு தூக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே கர்ப்பத்தில் ரத்தசோகை. அதுவும் தைராய்டும் சோர்வையும் படபடப்பையும் அப்படியே மனநோய்போலக் காட்டும்.

மனநல டாக்டரிடம் போனால் பிள்ளையைப் பிரிப்பார்களா?

மாட்டார்கள். இந்தப் பயத்தை எங்கே பிடித்தீர்கள் என்று தெரியவில்லை, சீரியலாக இருக்கும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது: உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெறும் தாயிடமிருந்துகூட மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் மட்டும் தற்காலிகமாக, அதுவும் அவ்வப்போது மறுபரிசீலனை செய்துதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறத் தனி வார்டே இருக்கிறது. நீங்கள் சொல்வதை ரகசியமாக வைப்பது டாக்டரின் சட்டக் கடமை. உங்களுக்கு உள்நோயாளி சிகிச்சையே தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்; உங்கள் பயத்தின் கடைசி எல்லைவரை போய்ப் பதில் சொல்லிவிட வேண்டுமே என்று எழுதினேன்.

நேரில் போகப் பயமென்றால் வீடியோவில் பாருங்கள். 2020 மார்ச் முதல் அதற்கு முறையான வழிகாட்டுதல் இருக்கிறது. பணம் பிரச்சினை என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பார்க்கிறார்கள். தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்த நாள் டாக்டர் வருவார் என்று 104-இலோ உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். போனதும் எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்வித்தாள் ஒன்றைத் தரக்கூடும், தமிழிலும் இருக்கிறது. 1987-இல் பிரசவமான பெண்களுக்காக உருவானது, இப்போது கர்ப்பிணிகளுக்கும் பயன்படுத்துகிறோம். மொத்தம் 30 மதிப்பெண். 13-ஓ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு பேசுவோம். பத்தாவது கேள்வி நீங்கள் பத்தாம் பக்கத்தில் எழுதிய அதே விஷயம்தான். அதற்கு மட்டும் ‘இல்லை’ என்று பொய் டிக் போடாதீர்கள்.

‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று கேட்டிருந்தீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், நம்முடையதைப் போன்ற வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் மனநலப் பிரச்சினை இருக்கிறது. அது கொரோனாவுக்கு முந்திய கணக்கு. செக்கப்புக்கு வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆறேழு பேரில் ஒருவர். யார் என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது.

செக்கப், ஊசி, ஆபரேஷன், ஆபீஸ்

செக்கப்பை இந்த வாரமே போங்கள். ஏழாம் மாதத்துக்கு மேல் ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் ஏறலாம். அதைப் பார்க்காமல் இருப்பது, கொரோனா பயத்தைவிடப் பெரிய ஆபத்து. முன்கூட்டியே நேரம் வாங்கி, கூட்டம் குறைந்த மத்தியானத்தில், நல்ல முகக்கவசத்தோடு போய் வந்துவிடலாம். குழந்தை அசைவு குறைந்தாலோ, கண் மங்கி விடாத தலைவலி வந்தாலோ, ரத்தமோ நீரோ போனாலோ நேரம் பார்க்காதீர்கள், 108.

தடுப்பூசி போடலாம். கர்ப்பிணிகளுக்கு 2021 ஜூலை 2 அன்றுதான் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதி தந்தது. அதனால்தான் மே மாதம் கேட்டபோது உங்களைத் திருப்பி அனுப்பினார்கள். எந்த மாதத்திலும் போடலாம். கோவேக்சின் என்றால் நான்கு வாரத்தில் இரண்டாவது ஊசி, பிரசவத்துக்கு முன்பே முடிந்துவிடும். கோவிஷீல்டு என்றால் இரண்டாவது ஊசி பிரசவத்துக்குப் பிறகுதான் வரும். எது கிடைக்கிறதோ போடுங்கள், காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கர்ப்பிணிகளையும் பிரசவித்தவர்களையும் வைத்து எடுத்த கணக்கில், தொற்றியவர்களில் அறிகுறி வந்தவர்கள் முதல் அலையில் 14.2 சதவீதம், இரண்டாவதில் 28.7 சதவீதம். ஊசிக்கு இந்த ஓர் எண்ணே போதும். மற்ற எண்களை எழுத மாட்டேன். ராத்திரி அதையே படித்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாம் அலைக்கு முந்திக்கொண்டு 37-ஆவது வாரத்தில் ஆபரேஷன் என்ற யோசனை வேண்டாம். வேறு காரணம் இல்லாவிட்டால் திட்டமிட்ட சிசேரியனை 39 வாரத்துக்கு முன் செய்வதில்லை. அவசரப்பட்டு எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு அதிகம். வருமா வராதா என்றே தெரியாத அலைக்காக, நிச்சயமாக வயிற்றில் நன்றாக இருக்கிற பிள்ளையை வெளியே எடுப்பானேன்?

ஆபீஸில் ‘சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கோ’ என்றார்களாம். சட்டம் என் துறை அல்ல, இவ்வளவு தெரியும்: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் அலுவலகத்தில், பிரசவ நாளுக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். மகப்பேறு விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு நீக்கவும் முடியாது. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு என்றால் பணம் அங்கிருந்து வரும்.

தலைப்பிரசவம் யார் வீட்டில்?

கடிதத்தில் என்னை உலுக்கிய இடம் இது. அப்பா போனில், “அம்மா இல்லைன்னா என்னம்மா, நான் பாத்துக்கறேன், வா” என்றாராம். மாமியார் வீட்டில் சிரித்தார்களாம், ஆம்பளை என்ன பிரசவம் பார்ப்பார் என்று.

பிரசவம் பார்க்கப் போவது ஆஸ்பத்திரி. அதனால் முதல் கேள்வி, எந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி கிட்டே என்பது. உங்கள் ஊரிலிருந்து இருபது நிமிடம், அப்பா ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஒன்பதாம் மாதத்தில் அந்தத் தூரம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கப்புறம், பிள்ளை பெற்ற நாற்பது நாள் யார் பக்கத்தில் இருந்தால் உங்களுக்குத் தூக்கம் வரும் என்று பாருங்கள். சித்தி வரத் தயார், இரண்டு ஊசியும் போட்டிருக்கிறார் என்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு சித்தியோடு அப்பா வீட்டுக்குப் போகலாம். இன்னொரு வழியும் உண்டு: அப்பா இங்கே வந்து இருக்கலாம். சம்பந்தி வீட்டில் மாதக்கணக்கில் தங்குவதா என்று அவருக்குக் கூச்சம் இருக்கும். ஆனால் அவரும் மே மாதத்திலிருந்து தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதர். கூப்பிட வேண்டியது உங்கள் கணவரும் மாமனாரும்தான்; நீங்கள் கூப்பிட்டால் வர மாட்டார்.

பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் வழக்கம் தமிழக அரசு மருத்துவமனைகளில் பல வருடமாக இருக்கிறது. கொரோனா காலத்திலும் தாய் விரும்பும் துணை கூட இருக்கட்டும் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது என்ன விதி என்று எட்டாம் மாதமே கேட்டு, சித்தியின் பெயரைச் சொல்லி வையுங்கள்.

உங்கள் கணவருக்கு

தம்பி, இந்தப் பகுதியை உங்களிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். ‘தைரியமா இரு’ என்று சொல்வதை விட்டுவிடுங்கள்; முடிந்தால் இருந்திருப்பாள். மாத்திரை அட்டையை வாங்கி வையுங்கள், செக்கப்புக்கு லீவு போட்டுக் கூட்டிப்போங்கள், அம்மாவிடம் ‘அழட்டும், டாக்டர் சொல்லிட்டாங்க’ என்று நீங்களே சொல்லுங்கள். பிரசவம் முடிந்த முதல் இரண்டு வாரம் பல பெண்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், தானாகப் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் போகாவிட்டால் எங்களிடம் வாருங்கள். ஆனால் தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாததைப் பேசினாலோ, யாரோ குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்பதுபோல ஏதாவது சொன்னாலோ, காதில் குரல் கேட்டாலோ ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. ஆயிரத்தில் ஒருவர் இருவருக்குத்தான் வரும், வந்தால் அவசரம். பேயோட்டக் கூட்டிப்போய் நாளைக் கடத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைக்கு ராத்திரி ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சி வைத்து நீங்களோ சித்தியோ கொடுத்தால், அவள் நான்கைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குவாள். பழைய நோய் உள்ள பெண்ணுக்கு அந்தத் தூக்கமே பாதி மருந்து. நடுவில் அவளுக்குத் தொற்றே வந்தாலும், முகக்கவசம் போட்டுக் கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம், பிரிக்கத் தேவையில்லை.

மறுபடி உங்களுக்கு, தங்கை. டாக்டரிடம் போகும்போது மூன்றை எடுத்துப் போங்கள்: கர்ப்பிணி அட்டை, பழைய மருந்துச் சீட்டு, எனக்கு எழுதிய கடிதத்தின் நகல். பன்னிரண்டு பக்கத்தையும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. பத்தாம் பக்கத்தை மடித்து மேலே வைத்து நீட்டுங்கள். மாமனார் மாத்திரையில் அரை அரையாக எடுத்ததையும் சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.